நூலே கோணல்

டைல்ஸ் மேஸ்திரிக்கு மச்சினன் என்றாலே வயிறு எரியும். இருவருக்கும் ஒரே தொழில். ஆனால் பெரிய வீட்டு வேலையெல்லாம் மச்சினனைத்தான் தேடிப் போகும். "அவர் ஒட்டினா தரை கோடு போட்ட மாதிரி இருக்கும்" என்று இவரிடமே வந்து சொல்வார்கள்.

அந்த மச்சினனின் புது வீட்டில் கால் வைத்ததும் மேஸ்திரிக்கு வயிறு குளிர்ந்தது. கூடத்துத் தரையில் டைல்ஸ் இடுக்கெல்லாம் பாம்பாக நெளிந்தது.

"ஊருக்கெல்லாம் நேரா ஒட்டிட்டு, சொந்த வீட்டைக் கோணலாக்கிட்டியேடா!"

மச்சினன் நேர் பார்க்கும் நூலை இடுக்கின் மேல் இழுத்துப் பிடித்தான். "நீங்களே பாருங்க மாமா."

"நூலே கோணல்டா!"

இழுத்துப் பிடித்த நூல் எங்கே நெளியும்? மறுநாளே மச்சினன் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய், தன் கண்ணையும் காட்டிக்கொண்டான்.

"ரத்தக்குழாய் கண்டபடி வளராம தடுக்குற சத்து கண்ணுக்குள்ளேயே இயற்கையா சுரக்கும்" என்றார் டாக்டர். "வயசானா சிலருக்கு அது குறையும். அப்போ புதுக் குழாய் முளைச்சுக் கசியும், நேர்கோடு நெளியும். கண்ணுல ஊசி போட்டுக் கட்டுப்படுத்தலாம்."

மேஸ்திரி ஊசியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"அவனுக்கு அந்தச் சத்து?"

"அவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல."

"பார்த்தீங்களா, அதுவும் அவனுக்குத்தான்!"