மின்னலைச் சொன்ன குரல்

ஈப்போவுக்கு வெளியே சிம்பாங் பூலாயில் கேமரன்மலை லாரிகள் காய்கறி இறக்கும் கடையில் நின்றுகொண்டிருந்தபோது கலைவாணியின் அழைப்பு வந்தது. மேகநாதன் சாரின் ஒரே மகள். "அங்கிள், அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு" என்றாள். அந்த நேரத்தில் மனிதன் என்ன கேட்பான்? எப்படி ஆச்சு, எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்பான். என் வாயில் வந்தது வேறு. "ராத்திரி அம்மாகிட்ட பேசினாராம்மா?" என்று கேட்டேன். அவளுக்கு அது விநோதமாகப் படவில்லை. படுக்கப் போகும்வரை பேசிக்கொண்டுதான் இருந்தாராம். காத்தாடியை வேகமாக வைப்பதா, மெதுவாக வைப்பதா என்று இருவருக்கும் வழக்கமான சண்டையாம். அம்மாவுக்குத்தான் ஜெயமாம். அப்பாடா என்று கோஸ் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரச் சீனர் எனக்கு ஏதோ நல்ல சேதி வந்திருப்பதாக நினைத்திருப்பார்.

கடைசிக் காலத்தில் அவரோடு பழகியவர்களுக்கு என் கேள்வி புரியும். வெளியூரில் இருக்கும் பழைய மாணவர்களுக்குப் புரியாது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஈப்போவில் ஒரே இடைநிலைப் பள்ளியில் அவர் இயற்பியல், நான் வேதியியல். இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கும் நடுவே ஒரு கதவு. என் பக்கத்திலிருந்து நாற்றம் போகும், அவர் பக்கத்திலிருந்து சத்தம் வரும். ரெண்டு பேருமே ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். தோட்டத்தை விற்றதும் ரெண்டு குடும்பமும் ஈப்போவில் புந்தோங் பக்கம் வந்து சேர்ந்தது. நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை அப்படித்தான். அதனால் அவர் மனைவி சரோஜா எனக்குத் தங்கச்சி. அந்த உரிமையில்தான் இங்கே 'அவள்' என்று எழுதுகிறேன். யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

மேகநாதன் எப்படிப் பாடம் நடத்துவார் என்பதற்கு லகாட்டுக்குப் போன கதை ஒன்று போதும். அந்த ஊரில் ஈயம் தோண்டி விட்டுப்போன குளம் ஒன்றுக்கு, அலையைக் காட்டுகிறேன் என்று ஒரு வகுப்பையே கூட்டிப்போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். போன இடத்தில் ஒரு மாணவியின் செருப்பு தண்ணீரில் விழுந்து கரையை விட்டு விலகிவிட்டது. செருப்புக்கு அந்தப் பக்கம் கல்லெறிந்தால் அலை அதைக் கரைக்குத் தள்ளிவிடும் என்று மொத்த வகுப்பும் கல் பொறுக்கியது. அவர் தடுக்கவில்லை, கைகட்டிக்கொண்டு சிரித்தார். அலைகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. செருப்பு மட்டும் இருந்த இடத்திலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "அலைதான் பயணம் போகும், தண்ணி போகாது. சேதி வரும், ஆள் வரமாட்டான்" என்றார். பாடம் முடிந்தது, சரி. செருப்பை யார் எடுப்பது? உயரமாகப் பிறந்த பாவத்துக்கு மூங்கில் கழியோடு நான்தான் சேற்றில் இறங்கினேன். காலில் இருந்த என் சப்பாத்து நாசமானதைப் பற்றி அந்த மனிதர் கடைசிவரை ஒரு வார்த்தை வருத்தப்பட்டதில்லை.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, ரத்தத்தில் சர்க்கரை ஏறி ஏறி, சரோஜாவின் கண்ணை இனிப்புநீர் கொண்டுபோனது. முதலில் மங்கியது, பிறகு இரண்டுமே போய்விட்டன. அவள் அசராத ஆள். சமையல், துவையல் எல்லாம் கைப்பழக்கத்திலேயே நடந்தது. இடி ஒன்றுதான் அவளுக்கு எமன். ஈப்போ மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண் உள்ளவர்களுக்கு மின்னல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. வெளிச்சம் உடனே வந்துவிடும், சத்தம் பின்னால் நடந்து வரும். கண் இல்லாதவளுக்கோ அந்தச் சத்தம் சொல்லாமல் கொள்ளாமல் தலையில் இறங்கும். ஒருநாள் அப்படித்தான் கொதிக்கிற கறிச்சட்டியைக் காலில் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து மேகநாதன் ஒரு வேலையைத் தன் தலைமேல் எடுத்துக்கொண்டார். வானம் கறுத்தால் வாசலுக்கு நாற்காலியை இழுத்துப் போடுவார். மின்னியதும் உள்ளே பார்த்து "மின்னல், சரோ" என்பார். அவள் அடுக்களையில் நின்றபடி ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். இடி வந்ததும் மூன்றால் வகுத்து, "ரெண்டு கிலோமீட்டர்" என்று குரல் கொடுப்பாள். சத்தம் ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று நொடி என்று அவர் சொல்லிக் கொடுத்த கணக்கு. எண்ணிக்கொண்டிருப்பவளுக்கு இடி திடுக்கென்று வராது. வர வேண்டியதுதானே என்று காத்திருந்து வாங்கிக்கொள்வாள். நான் போகும் நாளில் மழை வந்தால் எனக்குத் தேநீர் கிடைக்காது. இருவரும் கணக்கில் இருப்பார்கள்.

பிறகுதான் அவர் தொண்டை கரகரத்தது. சிகரெட் ஊதாதே ஊதாதே என்று நான் எத்தனை முறை திட்டியிருப்பேன். கேட்டால்தானே. புற்று என்றார்கள், குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். கழுத்தில் துளை, அதன் வழியாகத்தான் மூச்சு, இனிமேல் குரல் கிடையாது. டாக்டர் நல்லவர், ஆறுதலாகத்தான் சொன்னார், பேச வேண்டியதை எழுதிக் காட்டலாம் என்று. மேகநாதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரோஜாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "எழுதி யாருக்குக் காட்டுறது, மச்சான்?" என்றார். நான் மின்தூக்கிப் பக்கம் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

ஆசிரியர் கூட்டத்தின் மூளையைக் கேளுங்கள். சேதி பரவியதும் பழைய சகாக்கள் வரிசையாக வீட்டுக்கு வந்தார்கள், ஆளுக்கொரு சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனாவும் கையுமாக. ஒருவர் பலகையோடு துடைப்பானும் வாங்கி வந்திருந்தார். வீட்டில் ஒரு வகுப்பறைக்கு வேண்டிய அளவு பலகை சேர்ந்துவிட்டது. இதெல்லாம் என்ன என்று சரோஜா தடவித் தடவிப் பார்த்தாள்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். "நாதஸ்வரத்துல சீவாளியை மட்டும் எடுத்து ஊதினா என்ன வரும்? பீப்பீன்னு வெறும் அதிர்வு. அதை ராகமாக்குறது குழலும் விரலும். என்கிட்ட சீவாளியைத்தானே எடுக்கிறாங்க? குழல் இருக்கு, நாக்கு இருக்கு, உதடு இருக்கு. வேற எங்கருந்தாச்சும் அதிர்வை வாங்கிக்கலாம், மச்சான்." அவர் சொந்தக் குரலில் நான் கேட்ட கடைசிப் பாடம் அது.

வீடு திரும்பியபின் பல வாரங்கள் அந்த வீட்டில் பேச்சே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் மேசையைத் தட்டுவார். மின்னினால் இரண்டு தட்டு. சரோஜா எண்ணுவதை நிறுத்திவிட்டாள். ஏம்மா என்று கேட்டேன். "தட்டினா மின்னல்னு தெரியுது அண்ணே. தட்டுறது அவருன்னு தெரியலயே. அறையில ஆள் இருக்காரா, வெறும் மேசைதான் இருக்கான்னு பயமா இருக்கு" என்றாள். அதற்கு எந்த வாத்தியாரிடமும் பலகை இல்லை.

பிறகு அந்த மெஷின் வந்தது. கைவிளக்கு அளவு. கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிரும், அந்த அதிர்வை வாய் சொல்லாக்க வேண்டும். சீவாளி கடன் வாங்கியாகிவிட்டது, குழல் பழக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சத்தம் இருக்கிறதே, பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டுகிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஏற்ற இறக்கம் கிடையாது. சரோஜா இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள், என்ன சத்தம் இது, நிறுத்தச் சொல்லுங்கள் என்றுவிட்டாள். மனிதர் உடைந்துபோனார். அவளுக்குக் கேட்காமல் ஸ்டோர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார். க, ச, ப எல்லாம் தகராறு. வெளியே வரும்போது சட்டை நனைந்திருக்கும்.

ஒரு மாலை நான் அங்கே இருந்தபோது மழை கட்டியது. மேகநாதன் வாசலில், சரோஜா அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு மலைப் பக்கம் பளீரென்று வெட்டியது. மேசை எட்டும் தூரத்தில் இல்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டார். சட்டைப்பையிலிருந்த மெஷினை எடுத்துக் கழுத்தில் வைத்து, உள்ளே பார்த்து, "மின்னல், சரோ" என்றார். தட்டையான, கரகரத்த, இயந்திரச் சத்தம்தான். அடுக்களையில் கத்தி நின்றது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். ஒன்பதில் இடி விழுந்தது. "மூணு கிலோமீட்டர்" என்று சொன்னாள். சொன்ன பிறகுதான் தான் யாருக்குப் பதில் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "என்னங்க" என்றாள். அவர் மறுபடி மெஷினை வைத்து, கறி தீயுது என்றார். அது தீயவில்லை, அடுப்பே பற்றவைக்கவில்லை. அவளைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். சிரித்தாள், அழுதாள், நானும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் வாய் ஓயவில்லை. சந்தைக்குப் போனால் பேச்சு இழந்தவரைக் காது கேளாதவர் என்று நினைத்து ஜனங்கள் கத்துவார்கள். "எனக்குக் கேக்குது லா" என்று மெஷினில் சொல்வார், எதிராளி துள்ளிக் குதிப்பார். நோய் திரும்பலாம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழாயும் கையுமாகப் பேசாமலே போய்விடலாம் என்ற பயம் மட்டும் எங்கள் மூவருக்குள்ளும் இருந்தது. அதைத்தான் கோஸ் கடையில் நின்று கேட்டேன்.

கருமாதி முடிந்து கூட்டம் கலைந்ததும் சரோஜாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மனத்தில் அரித்ததைக் கேட்டேவிட்டேன், இனி மழை வந்தால் யாரம்மா சொல்வார்கள் என்று.

"யாரும் சொல்ல வேணாம் அண்ணே" என்றாள். "எனக்குச் சொல்லி வச்சுட்டுத்தான் போயிருக்காரு. 'இடி உன் காதுல விழுந்துருச்சுன்னா, அந்த மின்னல் உன்னை விட்டுட்டுப் போயிருச்சுன்னு அர்த்தம். நான் இல்லாதப்ப சத்தத்துக்கு நடுங்காத, தப்பிச்சோம்னு நினை'ன்னாரு. அன்னிக்குக் காலையில கலை கத்துனப்ப இடி மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் உட்கார்ந்து யோசிச்சேன். நாம பயந்தது இது இல்லியே அண்ணே. பேசாம போயிருவாரோன்னுதானே பயந்தோம். அது நம்மள விட்டுட்டுப் போயிருச்சு."

அடுத்த மின்னலைப் பற்றி அந்த வாக்கியம் எந்த உத்தரவாதமும் தராது என்று மேகநாதனே திருத்தியிருப்பார். தெரியும். ஆனாலும் எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

நான் வீட்டில் அதிகம் பேசாத ஆள். அன்று போய் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, யார் யார் வந்தார்கள், சாம்பாரில் உப்பு ஏறியிருந்தது, திரும்பும் வழியில் எங்கே நெரிசல் என்று ஒன்று விடாமல் சொன்னேன். பாதி அவளுக்குத் தேவையே இல்லாதது. டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேகநாதனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.