ரெண்டே முக்காலே அரைக்கால்

பழரசக் கடையில் கொடுக்கும் உறிஞ்சுகுழலை அவர் உடனே வாயில் வைப்பதில்லை. ஒரு கண்ணை இடுக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே பார்க்கிறார். "இது ரொம்ப அகலம். பாதி கிளாஸுக்கு மேல வெறும் காத்துதான் வரும்" என்று திருப்பிக் கொடுக்கிறார். கடைக்காரர் இப்போதெல்லாம் கட்டோடு நீட்டி, "நீங்களே பாத்து எடுத்துக்குங்க சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

கடலில் தோண்டும் எண்ணெய்க் கிணறுகளுக்கு ட்யூபிங், அதாவது எண்ணெய் மேலேறி வரும் உள்குழாய், எத்தனை அங்குலம் வேண்டும் என்று கணக்குப் போடும் பொறியாளர் அவர். குழாய் குறுகிப்போனால் எண்ணெய் உரசி உரசியே களைத்துவிடும். அகன்றுபோனால் வேகம் குறையும். வாயு மட்டும் நழுவி மேலே ஓடிவிட, தண்ணீர் அடியில் தேங்கிக் கிணற்றை அமுக்கிவிடும். பெரும்பாலும் மூன்றரை அங்குலத்தில் வந்து நிற்பார். ஆகவே அலுவலகத்தில் அவர் பெயரே மூன்றரை.

இந்த அளவு ஞானம் வீட்டில் செல்லுபடியாவதில்லை. மகளுக்கு ஷூ வாங்கினால் இரண்டு அளவு பெரிதாக இருக்கும். "கிணத்துக்கு வயசானா அழுத்தம் குறையும், சின்னதா எடுக்கணும். பொண்ணு வளருவா, பெருசா எடுக்கணும்" என்பார்.

"அவ கால் வளர்றதுக்குள்ள ஷூ பிஞ்சிடுதுங்க" என்பார் மனைவி.

ஏழாம் கிணறும் எட்டாம் கிணறும் தயாரானபோதுதான் வம்பு வந்தது. எங்கள் மேலாளருக்கு எதுவும் பெரிதாக இருக்க வேண்டும்.

"ரெண்டுக்கும் நாலரை போடுங்க. நிறைய வரும்ல?"

"வரும் சார். ஒரு வருஷம் வரும். அப்புறம் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக்கும்."

"உங்க மனசே குறுகல்யா!"

கடைசியில் ஏழுக்கு நாலரை, எட்டுக்கு மூன்றரை என்று முடிவாயிற்று. ஏழு கொட்டோ கொட்டென்று கொட்டியது. எட்டு நிதானமாகத் தந்தது. கூட்டங்களில் ஏழின் வரைபடம் திரையில் ஏறும்போதெல்லாம் மேலாளர் இவரைப் பார்த்து ஒரு தரம் கனைப்பார். நகலெடுக்கும் இயந்திரத்தின் பக்கம் இவருடைய மேசையைத் தள்ளினார்கள். அறிக்கை தட்டச்சு செய்யும் நான் அங்கேதான் உட்காருகிறேன். இவர் யாரையும் குறை சொல்லவில்லை. கணக்கை மட்டும் மூன்று முறை மறுபடி போட்டுப் பார்த்தார். "நான் தப்புன்னா நல்லதுதானே? எண்ணெய்தான் வருதே" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தார்.

பன்னிரண்டாம் மாதம் ஏழு திக்க ஆரம்பித்தது. பதினான்காம் மாதம் நின்றேபோனது. எட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நடுக்கடலில் குழாயை மாற்றுவதென்றால் விளையாட்டா? துளைபோடும் ரிக் மேடையை இழுத்து வர வேண்டும். மைல்கணக்கில் நீளும் குழாயை ஒவ்வொரு துண்டாக உருவ வேண்டும். காற்று அடித்தால் எல்லாரும் கைகட்டி உட்கார வேண்டும். மேலாளர் நகலெடுக்க வந்தவர்போல வந்து, ஒரு வெற்றுத் தாளை நகலெடுத்தார்.

"அப்ப... மூன்றரையே போட்டுடலாமா?"

"இல்ல சார். இப்ப அழுத்தம் இறங்கிப்போச்சு. ரெண்டே முக்காலே அரைக்கால்."

"இன்னும் சின்னதா?"

"அதுக்கு இப்ப அவ்வளவுதான் மூச்சு சார்."

மேலாளர் வெற்றுத் தாளின் நகலில் கையெழுத்துப் போடப் போனார். நான்தான் உத்தரவுத் தாளை நீட்டினேன்.

இருபது வருடமாகக் கடல் கிணறுகளுக்கே கணக்குப் போட்டாலும் அவருக்குப் படகு ஆகாது. ஆனாலும் குழாய் இறங்கி முடிந்த அன்று, "நான் பாக்கணும்" என்று கிளம்பிவிட்டார். படகில் மூன்று மணி நேரமும் வாந்திப் பைக்குள்ளேயே முகத்தைப் புதைத்திருந்தார். கூட வந்த மேலாளர் முதுகை நீவிவிட்டார்.

கடல் மேடையில் வாயுவை உள்ளே தள்ளிக் கிணற்றை உசுப்பிவிட்டு, வால்வைத் திறந்தார்கள். ஒன்றும் வரவில்லை. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார். எங்கோ ஆழத்தில் 'களக்' என்று ஒரு சத்தம். மூன்றரை தள்ளாடி அருகே போனார். பால் குடித்த கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுவதுபோல, கிணறு பெரிதாக ஓர் ஏப்பம் விடும்வரை, உள்ளங்கையால் குழாயை மெல்லத் தட்டிக்கொண்டே நின்றார்.