காய்ச்சிய உறைமோர்

தல்லாகுளம் மருந்துக்கடையில் அப்பாவின் வயிற்றுப்போக்குக்கு ஒரு சின்னக் குப்பி கொடுத்தார்கள். "இதுல இருக்கது உயிருள்ள நல்ல கிருமிண்ணே" என்றார் கடைக்காரர்.

எழுபதுகளில் எங்கள் கோச்சடை வீட்டில் நல்ல கிருமி என்று ஒன்று கிடையாது. சுகாதார ஆய்வாளரான அப்பா, கிணறுகளுக்குப் போட்ட ப்ளீச்சிங் பவுடர் நெடியோடு வருவார். பக்கத்து வீட்டில் வாங்கிய உறைமோரைக்கூடக் கொதிக்கவைத்துத்தான் பாலில் ஊற்ற விடுவார். காலையில் பால் பாலாகவே கிடக்கும். அம்மா பால்காரரை மாற்றினாள், சட்டியை மாற்றினாள். டைபாய்டில் நான் துரும்பாகிக் கிடந்தபோது டாக்டர் தயிர்ச்சோறு கொடுக்கச் சொன்னார். அப்போதும் உறையவில்லை.

அப்பா வெளியூர் முகாமுக்குப் போன அன்று, அவசரத்தில் அம்மா மோரைக் காய்ச்சாமலே ஊற்றிவிட்டாள். விடிந்தபோது சட்டி நிறையக் கட்டித் தயிர்.

"பாலுக்கும் உங்கப்பாவக் கண்டா பயம் போலடா" என்றாள், குழப்பத்தோடு. நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன்.

மருந்துக்கடையிலிருந்து வீட்டுக்கு வந்து விவரம் சொன்னேன். அப்பா குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அம்புட்டும் உயிரோடவா இருக்கு?"

"ஆமாப்பா."

குப்பியை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"அப்பக் காய்ச்சித்தானே குடிக்கணும்?"