பத்து விரலில் ஒன்று

திருகோணமலைத் துறைமுகத்தில் கனகரத்தினம் பார்த்தது நம்பாமல் இருக்கிற வேலை. கப்பலில் இருந்து இறங்கும் மூடைகளை எண்ணி, கப்பல்காரன் நீட்டும் காகிதத்தோடு ஒப்பிட வேண்டும். காகிதம் ஒன்று சொல்லும், மூடை வேறொன்று சொல்லும். இரண்டுக்கும் நடுவில் நின்று "திரும்ப எண்ணுங்கோ" என்று சொல்வதற்கு அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பென்சன் எடுத்ததும் சம்பளம் நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. மூடைகளுக்குப் பதிலாக வட்ஸ்அப்பில் செய்திகள் வந்து இறங்கின.

அந்தச் செய்திகளில் பாதியை இறக்குமதி செய்தவர் மனைவி கமலேஸ்வரி. மீதிப் பாதியைக் கிளிவெட்டியில் இருக்கும் தங்கச்சி புஷ்பவதி அனுப்பிவைப்பாள். பிளாஸ்டிக் அரிசி வருகிறது என்று ஒரு நாள் வந்தது. கமலேஸ்வரி உலையை இறக்கி வைத்துவிட்டுப் பாண் வாங்கக் கடைக்கு ஆள் அனுப்பினாள். கனகரத்தினம் அந்த அரிசியில் ஒரு பிடியை அவித்தார், இன்னொரு பிடியை எரித்து மணந்தார், மூன்றாவது பிடியைப் பின்வளவில் காகத்துக்குப் போட்டார். அடுத்த நாள் அதே காகம் வந்து இன்னும் கேட்டது. இவ்வளவையும் விளக்கிக் குடும்பக் குழுவுக்கு ஒரு குரல் பதிவு போட்டார். அதைக் கேட்டு முடிப்பதற்குள் ஒரு பானைச் சோறே வெந்துவிடும்.

பிறகு வானத்தில் இருந்து கதிர்கள் வருகின்றன, போன்களைத் தள்ளி வையுங்கள் என்று வந்தது. கமலேஸ்வரி வீட்டில் இருந்த போன்களை எல்லாம் பொறுக்கிக் குளியலறை வாளிக்குள் போட்டு மூடினாள். கனகரத்தினம் தன்னுடையதை மட்டும் மீட்டுவந்து நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தார். விடிந்ததும், தான் உயிரோடு இருப்பதாகக் குழுவுக்கு அறிவித்தார். யாரும் மகிழ்ச்சி தெரிவிக்கவில்லை.

அவர் சொன்னது பெரும்பாலும் சரி, அதை மறுக்க முடியாது. ஆனால் எப்போதும் சரியாக இருக்கிற மனுசனோடு குடித்தனம் நடத்துவது எப்படி இருக்கும் என்பதைக் கமலேஸ்வரியைத்தான் கேட்க வேண்டும். ஆதாரம் எங்கே, யார் சொன்னது, யாருக்கு லாபம் என்ற மூன்று கேள்விகளையும் அவர் வைத்திருந்தார். புட்டில் உப்புக் கூட என்று அவள் சொன்னால்கூட அந்த மூன்றும் வந்து விழும்.

மூன்றாவது கேள்விதான் அவரைக் கவிழ்த்தது. கிளினிக்கில் அவருக்குப் பிறஷர் இருக்கிறது என்று சொல்லிக் குளிசை கொடுத்திருந்தார்கள். முன்பு இந்த அளவைப் பிறஷர் என்றே சொல்வதில்லை, பிறகுதான் அளவைக் குறைத்தார்கள் என்று எங்கோ வாசித்தார். உடனே யாருக்கு லாபம் என்று கேட்டார். குளிசைக் கம்பனிக்கு என்று தானே பதிலும் சொன்னார். அதையும் ஒரு குரல் பதிவாகப் போட்டுவிட்டு, குளிசையை அலுமாரிக்குள் தள்ளினார். கேட்ட கேள்வி நல்ல கேள்விதான். வேறு யாராவது பதில் சொல்லும்வரை குளிசையைப் போட்டுக்கொண்டு காத்திருந்திருக்கலாம்.

சம்பவம் நடந்தது ஒரு சனிக்கிழமைக் காலை. விறாந்தைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, புஷ்பவதி அனுப்பிய செய்தி ஒன்றுக்கு மறுப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். சிறுநீரகக் கல்லை ஏதோ ஒரு இலை ஒரே நாளில் கரைத்துவிடுமாம். முதல் பதிவு கணீரென்று போனது. இரண்டாவதைத் தொடங்கும்போது தேத்தண்ணிக் கோப்பை கையில் இருந்து வழுக்கி விழுந்தது. கோப்பையில் எண்ணெய்ப் பிசுக்கு என்று முடிவெடுத்து, பதிவைச் சொல்லி முடித்து அனுப்பினார். அது முதலாவதைவிடத் திறமாக வந்திருக்கிறது என்பது அவர் எண்ணம்.

நிலாவெளியில் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்யும் புஷ்பவதியின் மகள் சோபனா அதைக் கேட்டுவிட்டு, வயிறு குலுங்கச் சிரிக்கும் முகங்கள் ஐந்தாறை அனுப்பினாள். "மாமா, விடியவே தொடங்கிட்டீங்களோ?" என்றும் எழுதினாள். அவருக்குக் கோபம் வந்தது. குடிக்காத மனுசனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

குசினியில் இருந்து கமலேஸ்வரி வந்து நின்றாள்.

"என்னப்பா சொல்லுறியள்? ஒண்டும் விளங்கேல்ல."

அவளுக்கு விளங்காததில் அவர் புதுமை எதையும் காணவில்லை. விளங்கப்படுத்தினார். அவள் முகம் இன்னும் வெளுத்தது.

"இஞ்சேருங்கோ, ஒருக்காச் சிரியுங்கோ."

ஏன் சிரிக்கச் சொல்கிறாள் என்று அவருக்கு உடனே பிடிபட்டது. பாரிசவாதச் செய்தி! சிரிக்கச் சொல், கையைத் தூக்கச் சொல், ஒரு வசனம் சொல்லச் சொல் என்று தொடங்கும். பிறகு, நோயாளியை அசைக்காதே, தையல் ஊசியை நெருப்பில் காட்டிப் பத்து விரல் நுனியிலும் குத்து, பத்திலும் இரத்தம் வந்தபிறகே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று போகும். போன மாசம்தான் அதை முழுப் பொய் என்று குழுவில் கிழித்துப் போட்டிருந்தார். ஆகவே நக்கலாகச் சிரித்தார். அவருடைய நக்கல் சிரிப்பு எப்போதும் ஒரு பக்கமாகத்தான் போகும். அதனால் கமலேஸ்வரியால் எதையும் தீர்மானிக்க முடியவில்லை.

"ரெண்டு கையையும் தூக்குங்கோ."

தூக்கினார். இடது கை நின்றது. வலது கை பாதி வழியில் களைத்து மடியில் விழுந்தது. இரவு கையை மடித்துக்கொண்டு படுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டார். ஆதாரம் எங்கே என்று கேட்டார். வாயில் இருந்து வந்தது ஏதோ ஒரு குழையல்.

கமலேஸ்வரி உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் கையில் அடுப்பில் காட்டிய தையல் ஊசி இருந்தது. வலது கையின் பெருவிரலைப் பிடித்தாள். இந்த மடத்தனத்தை எதிர்த்து ஊரே கேட்கக் கத்துவது என்று கனகரத்தினம் தயாரானார். ஊசி இறங்குவதைக் கண்ணால் பார்த்தார். இரத்தம் வந்தது. நோவு வரவில்லை.

கத்துவதற்குத் திறந்த வாயை அவர் மூடவில்லை. ஊசியைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். இடது கையால் அவளுக்குச் சைகை காட்டினார், இன்னொருக்கால் குத்து. குத்தினாள். இரண்டாவது சொட்டும் வந்தது, நோவு இல்லை. பிறகு தன் இடது தொடையைத் தானே கிள்ளிப் பார்த்தார். அங்கே நன்றாக நொந்தது. ஆயுளெல்லாம் காகிதத்தையும் மூடையையும் ஒப்பிட்ட மனுசனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பயம் பிடித்தது. சும்மா பயமில்லை, சிறுபிள்ளைப் பயம்.

அவள் அடுத்த விரலைப் பிடித்தாள். இன்னும் ஒன்பது இருக்கிறதே! அவர் இடது கையால் ஊசியைத் தட்டிவிட்டு, அடுத்த வீட்டு வாசலில் அன்ஸார் கழுவிக்கொண்டிருந்த ஓட்டோவைக் காட்டினார். கமலேஸ்வரி தடுமாறினாள். அசைக்கக் கூடாது என்றல்லவா போட்டிருக்கிறது? அவருடைய கண்ணைப் பார்த்தாள். இத்தனை வருசத்தில் அந்தக் கண்ணில் அவள் கண்டதெல்லாம் தர்க்கம். அன்றைக்கு அது கெஞ்சியது.

"அன்ஸார் தம்பீ!" என்று அவள் போட்ட சத்தத்தில் அன்ஸார் தண்ணீர் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"அக்கா, நீங்க தலையப் பிடிச்சுக்குங்க, நான் தூக்குறன்" என்றான். ஈர ஓட்டோவில் அவரை ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி, இது எப்போது தொடங்கியது, சரியாகச் சொன்னால்தான் மூளையில் உள்ள அடைப்பைக் கரைக்கிற மருந்தை ஏற்றலாமா என்று பார்க்கலாம் என்றாள். கமலேஸ்வரி போனை எடுத்து இலைக்கு எதிரான முதல் பதிவைப் போட்டுக் காட்டினாள், பிறகு இரண்டாவதை. முதலாவதில் தெளிந்த குரல், இரண்டாவதில் குழையல், இரண்டின் பக்கத்திலும் அனுப்பிய நேரம் இருந்தது. டொக்டர் இரண்டு நேரத்தையும் குறித்துக்கொண்டாள். ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டு மருந்து ஏற்றினார்கள். பெருவிரலைக் கண்டு இது என்ன என்று கேட்டவள், கதையைக் கேட்டதும் தலையில் கை வைத்தாள்.

"நல்லகாலம் அம்மா, ஒரு விரலோட விட்டீங்க. பத்தையும் குத்திக்கொண்டு இருந்திருந்தா இந்த நேரமெல்லாம் போயிருக்கும்."

பின்னேரம் சோபனா அழுதுகொண்டு வந்தாள். சிரித்த முகங்களை அனுப்பிய குற்ற உணர்வு அவளைச் சுட்டது. மாமாவின் கை மெல்ல அசைவதைப் பார்த்தாள், விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்டரையும் பார்த்தாள். மாமி ஊசியால் குத்தினாவாம் என்று தாய்க்குச் சொன்னாள். தாய் கனடாவில் இருக்கிற சொந்தத்துக்குச் சொன்னாள். கனடாவில் இருந்து அது ஊருக்குத் திரும்பி வரும்போது நன்றாக வளர்ந்திருந்தது. "திருகோணமலையில் அதிசயம்! பத்து விரலிலும் ஊசி குத்திக் கணவரைக் காப்பாற்றிய குடும்பப் பெண்! வைத்தியர்கள் வியப்பு! ஒரு உயிரைக் காக்கப் பகிருங்கள்!"

கட்டிலில் கிடந்தபடி கனகரத்தினம் அதை வாசித்தார். ஊர் சரி, ஆளும் சரி. ஒரு விரல்வரை ஊசியும் சரி. இந்த ஒன்றை மறுப்பது அவ்வளவு லேசில்லை. அடைப்பைக் கரைத்தது ஊசி இல்லை, மருந்து. ஆனால் ஊசி குத்தியிராவிட்டால் அவர் இன்னும் கதிரையில் இருந்து ஆதாரம் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பாரிசவாதச் செய்தியின் முன்பாதி சரி, பின்பாதி பொய், பொய்ப் பாதி தற்செயலாக ஒரு உண்மையைக் காட்டிவிட்டது. அவள் முழுவதையும் நம்பினாள், அவர் முழுவதையும் தள்ளினார், இரண்டு பேரும் பிழை. இதை நேர்மையாகச் சொல்வதற்கு அவருடைய பதிவுகளிலேயே மிக நீளமான பதிவு வேண்டும். அவரிடம் அப்போது மிஞ்சியிருந்த சொற்கள் ஓம், இல்லை, தண்ணி.

வீட்டுக்கு வந்து சில கிழமைகளில் சொற்கள் கொஞ்சம் கூடின. கால் இழுத்தாலும் பொல்லோடு நடந்தார். அப்போதுதான் புஷ்பவதி போன் எடுத்தாள்.

"அண்ணை, நான் ஊசிப் பக்கற் வாங்கி வைச்சிட்டன். இவருக்கும் வயலுக்குள்ள ரெண்டு தரம் தலை சுத்தினது."

கமலேஸ்வரி போனை வாங்கிப் புஷ்பவதியின் புருசனைப் பற்றிக் கேட்டாள். "மச்சாள், சின்னராசா அண்ணை பிறஷர்க் குளிசை போடுறவரெல்லோ?"

"அதை எப்பவோ விட்டிட்டார். அண்ணைதானே அது கம்பனிக்காரற்ற வேலையெண்டு சொன்னவர்."

கனகரத்தினம் கேட்டுக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் அரிசி, வானத்துக் கதிர், எல்லாம் எத்தனை மறுப்பு! அந்தக் குடும்பத்தில் யாரும் ஒன்றைக்கூடக் காதில் போட்டதில்லை. அவர் பிழையாகச் சொன்ன ஒன்றை மட்டும் ஒருவன் வேதவாக்காக எடுத்திருக்கிறான். போனைப் பிடித்து, "ஊசி வேண்டாம். ஆஸ்பத்திரி" என்றார்.

"ஓம் அண்ணை, ஓம். முதல்ல பத்தையும் குத்திப்போட்டு உடன கொண்டு போறம்" என்றாள் தங்கச்சி. "பாருங்கோ, குத்தினபடியாத்தானே நீங்களும் இப்ப இப்பிடிக் கதைக்கிறியள்."

கமலேஸ்வரி விளங்கப்படுத்தப் பார்த்தாள். வாளிக்குள் போன் போட்ட பெண்ணிடம் இருந்து மறுப்புக் கேட்க யார் தயார்? அடுத்த நாள் விடியவே அன்ஸாரின் ஓட்டோவில் இரண்டு பேரும் கிளிவெட்டிக்குப் புறப்பட்டார்கள். மறுப்புச் சொல்வதற்காகக் கனகரத்தினம் கதிரையை விட்டு எழும்பியது அதுதான் முதல் தடவை.

சின்னராசா வயலில் இருந்து வந்து கால் கழுவிவிட்டு எதிரே இருந்தான். கமலேஸ்வரி வந்த விசயத்தைச் சொன்னாள். அவன் போனை எடுத்துத் தேடி, மச்சானின் பழைய பதிவைப் போட்டான். பத்திரமாக வைத்திருந்தான், பாவி.

வீடு முழுக்கக் கனகரத்தினத்தின் குரல் எழும்பியது. தெளிவான குரல், சொல்லுக்குச் சொல் நிறுத்தி, நடுவில் ஒரு நக்கல், பிறகு "யாருக்கு லாபம்? நீங்களே யோசிச்சுப் பாருங்கோ" என்ற அந்தக் கேள்வி. கேட்கிற யாருக்கும் குளிசையை எறியத் தோன்றும். அவருக்கே அந்தக் குரலில் ஒரு கணம் ஆசை வந்தது. பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது.

இடது கையைத் தூக்கிப் போனைக் காட்டினார்.

"பொய்" என்றார்.

சின்னராசா போனையும் பார்த்தான், மச்சானையும் பார்த்தான். "அண்டைக்கு எவ்வளவு வடிவாக் கதைச்சியள், மச்சான்" என்றான் மெதுவாக.

கனகரத்தினம் சட்டைப் பையில் இருந்து தன் காலைக் குளிசையை எடுத்து வாயில் போட்டார். புஷ்பவதி கொடுத்த தண்ணீரில் பாதி கடைவாயால் வழிந்து சட்டையை நனைத்தது. அதை அவர் துடைக்கவில்லை.

"கிளினிக். நாளைக்கு" என்றார்.

"நாளைக்கு வயலுக்குத் தண்ணி திறக்கிற நாள் மச்சான். அடுத்த கிழமை பாப்பம்."

"நாளைக்கு."

"நீங்கள் சொன்னால் சரி, ஆனா வயல்..."

"நாளைக்கு."

வேறு சொல் எதுவும் அவரிடம் இல்லை. இருந்திருந்தாலும் அன்றைக்கு அவர் எடுத்திருக்கமாட்டார். சின்னராசா அந்தக் கோணல் வாயையும் நனைந்த சட்டையையும் பார்த்தான். போனில் கணீரென்ற குரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதை நிறுத்தினான்.

"ஓம் மச்சான், நாளைக்குப் போறன்" என்றான்.