தந்தி அறுத்தவள்

பக்கத்து வீட்டுப் பெண் வயலின் கற்றுக்கொள்கிறாள். அவளுக்குத் தந்தி வாங்கப் போன வாரம் திருப்பதியில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். நரம்புத் தந்தி இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப எங்கம்மா வருது? ஸ்டீல்தான்" என்று கடைக்காரர் ஓர் உறையை நீட்டினார். பழக்கதோஷம், பிரித்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. கடையில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தந்தியை முகரும் கிழவியை வேறு எப்படிப் பார்ப்பது?

ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்த தந்திக்கு நனைந்த தோல் செருப்பின் வாசனை இருக்கும். எனக்கு அது மாம்பழ வாசனையோடு கலந்துதான் நினைவுக்கு வரும். பொருந்தாத சேர்க்கைதான். காரணம் சொல்கிறேன்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லை எங்கே என்று இன்னும் தீராத காலம் அது. எங்கள் ஊர் நகரிக்குப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் இரண்டும். எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. புதிதாக ஒருவர் தண்ணீர் கேட்டு வந்தால்கூட, பாஷைக் கணக்கு எடுக்க வந்தவரோ என்று பார்ப்பார்கள். அப்போதுதான் திருப்பதியில் கோடை விடுமுறைக்கு மூடியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், வயலினும் வீணையும் வாசிக்கும் பெண்பிள்ளைகளுக்கு இசை முகாம் என்று செய்தி வந்தது. எனக்குப் பதினாலு வயது.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்கு நம்பிக்கையே இல்லை. "சோறு போட்டு, படுக்க எடம் குட்த்து, பாட்டும் சொல்லித் தராங்களாம். எதுக்கு? இன்னாமோ இருக்குது" என்றார். ஆனாலும் அனுப்பினார். பஸ் ஏற்றும்போது காதருகே குனிந்து, "வீட்ல இன்னா பாஷைனு கேட்டா வாயத் தொறக்காத. ஃபிடில வாசிச்சிக் காட்டு" என்றார்.

யாரும் கேட்கவில்லை. முதல் சில நாட்கள் நன்றாகவே போயின. காலையில் கூட்டு வாசிப்பு, மத்தியானம் சாப்பிட்டதும் தாழ்வாரத்தில் படுக்கை. அந்த நேரத்தில் வாத்தியங்கள் எல்லாம் ஓர் அறையில் இருக்கும். அடுத்த அறையில் எங்களுக்காகப் பங்காருபாளையத்திலிருந்து வந்த மாங்காய்கள் வைக்கோலில் பழுத்துக்கொண்டிருந்தன.

பிறகு தந்திகள் அறுந்தன. மத்தியானத் தூக்கம் முடிந்து போய்ப் பார்த்தால் யாராவது ஒருத்தியின் வயலினில் ஒரு தந்தி தொங்கும். நுனி, பிளேடால் சுரண்டியது போலப் பிசிறிட்டிருக்கும். முதலில் திருத்தணிப் பெண் ஒருத்தியுடையது. மறுநாள் சித்தூர்ப் பெண்ணுடையது. தமிழ்ப் பிள்ளைகள் தெலுங்குப் பிள்ளைகளைச் சொன்னார்கள், அவர்கள் இவர்களைச் சொன்னார்கள். கலந்து உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் தனித்தனி வரிசையானார்கள்.

நான் மட்டும் என்ன? எனக்கும் எல்லார் மேலும் சந்தேகம். படுக்கையிலிருந்து நைசாக எழுந்து போய், என் வயலின் பத்திரமா என்று பார்த்துவிட்டு வருவேன். அப்படி வெளியே வந்தபோதுதான் ராஜ்யலட்சுமி பார்த்துவிட்டாள். புத்தலப்பட்டில் கரும்புத் தோட்டம் உள்ள வீட்டுப் பெண். சென்னையிலிருந்து வரவழைத்த உயர்ந்த நரம்புத் தந்தி போட்டிருந்தவள். அன்றைக்கும் ஒரு தந்தி அறுந்திருந்தது. என் வயலினில் மட்டும் எந்நாளும் ஒன்றும் ஆகவில்லை என்பதையும் அவளே எடுத்துச் சொன்னாள். தெலுங்குப் பிள்ளைகளுக்கு நான் தமிழச்சி; தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் சரளமாகத் தெலுங்கு பேசுகிறவள். எனக்காகப் பேச இரண்டு பக்கமும் ஆள் இல்லை.

முகாமை நடத்திய அம்மாள் நல்லவர்தான். இருந்தாலும், "உங்க நைனாவ வரச் சொல்றேன்" என்றுவிட்டார். தந்தி அறுத்தவள் என்ற பெயரோடு வீட்டுக்குப் போனால் வயலினும் அதோடு போகும். அடுத்தது கல்யாணப் பேச்சுதான். அந்தப் பயத்தில் எங்கிருந்தோ வாய் வந்தது.

"மத்தியானம் நான் அந்த ரூம்லயே குந்திக்கினு இருக்கறேன். வெளிய பூட்டிக்கோங்க. நான் அறுக்கறனான்னு பாக்க யாராச்சும் கூட வரட்டும்."

"நேனு வஸ்தா, நான் வர்றேன்" என்றாள் ராஜ்யலட்சுமி உடனே.

பூட்டினார்கள். அவள் ஒரு சுவரோரம், நான் எதிர்ச் சுவரோரம். அவள் என் கைகளையே பார்த்தாள். நான் அவள் கைகளைப் பார்த்தேன். அவளே அறுத்துவிட்டு என் தலையில் போட்டால்? அவளுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். இரண்டு உள்ளங்கையையும் விரித்து மடிமேல் வைத்துக்கொண்டாள். வேர்வை வழிந்தது. இருவரும் துடைக்கவில்லை.

சுவரின் மேலே, மாம்பழ அறைக்கும் இதற்கும் நடுவிலிருந்த காற்றுத் துவாரத்தில் ஏதோ அசைந்தது. பெரிய எலி. நிதானமாக இறங்கிப் பெஞ்சின் மேல் நடந்தது. என் வயலினை முகர்ந்தது, விட்டுவிட்டுப் போனது. மலிவு என்று நைனா எனக்கு நாலும் இரும்புக் கம்பியாகவே போட்டிருந்தார். அடுத்திருந்தது ராஜ்யலட்சுமியின் வயலின். எலி அங்கே உட்கார்ந்துவிட்டது.

"தோலு, தோலு! வெரட்டு!" என்று அவள் மூச்சோடு சொன்னாள்.

"இரு. கொஞ்சம் துன்னட்டும். இல்லனா யாரும் நம்ப மாட்டாங்க."

"அது என் ஃபிடில்!"

"தெரியும். அதான் சொல்றேன்."

என்னை அறைவாள் என்றுதான் நினைத்தேன். அவள் சத்தம் போடாமல் நகர்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தந்தி டிங்கென்று போகும்வரை விடவில்லை.

கதவு திறந்ததும் சொன்னோம். பாதிப் பேர் நம்பவில்லை. "ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினு சொல்றாளுங்க" என்றாள் திருத்தணிப் பெண். "உள்ள தெலுங்குல குசுகுசுன்னு இன்னா பேசினீங்க?" அம்மாள் மாம்பழங்களை வேறு இடத்துக்கு மாற்றினார். அதோடு தந்தி அறுவதும் நின்றது. என் நைனாவுக்கு ஆள் போகவில்லை. ஆனால் மற்றப் பிள்ளைகள் கணக்கில், பழம் போனதால் எலி போகவில்லையாம், நாங்கள் மாட்டிக்கொண்டதால் நிறுத்திவிட்டோமாம்! சாப்பாட்டு வரிசை இரண்டிலும் எங்களுக்கு இடம் இல்லாமல் போயிற்று. நாங்கள் இருவர் மட்டும் மூன்றாவது வரிசை போட்டோம். கடைசி நாள் கச்சேரியில் ராஜ்யலட்சுமி என்னிடமிருந்த உபரி இரும்புக் கம்பியை மாட்டிக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடியே வாசித்தாள். பிரமாதமாக வாசித்தாள்.

அடுத்த கோடையில் முகாம் இல்லை. எந்தப் பக்கத்தார் நடத்துவது என்று பெரியவர்களுக்குள் ஒத்துவரவில்லை என்றார்கள். பின்னால் எல்லை முடிவானது. திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் ஆந்திரப் பக்கமே நின்றோம். திருப்பதிப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது யாத்ரீகர்கள் தங்கும் விடுதி.

சில வருஷங்களுக்கு முன்பு சித்தூருக்குப் போகிற வழியில் புத்தலப்பட்டில் இறங்கி ராஜ்யலட்சுமியைப் பற்றி விசாரித்தேன். டீக்கடையில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "எந்துக்கு அடுகுதுன்னாரு? இன்னாத்துக்குக் கேக்கறீங்க?" என்றார். நிலத் தகராறு என்று நினைத்திருப்பார். சின்ன வயசில் கூட வாசித்தவள் என்றேன். முகம் கொஞ்சம் தளர்ந்தது. அவர்கள் எப்போதோ விற்றுவிட்டுப் போய்விட்டார்களாம், எங்கே என்று தெரியாதாம். வீடு எது என்று கேட்டேன். அகலமாக்கிய ரோட்டின் நடுவைக் கையால் காட்டினார்.

திரும்பி வரும்போது பஸ் அந்த வீட்டின் மேல்தான் வந்தது.