கூட யார் இருக்கீங்க?

யசோதா சிஸ்டர் இறந்த காலையில் அவருடைய நாய்கள் ஊளையிட்டன என்று எங்கள் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். நான் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் ஒரே மதில். அவை ஊளையிடவில்லை. ஆறே முக்காலுக்கு நான் அரக்கோணம் ரயிலுக்காகக் கதவைப் பூட்டியபோது வழக்கமான குறட்டைதான் மதிலைத் தாண்டி வந்தது. "கிளம்பியாச்சா டீச்சரம்மா?" என்று உள்ளிருந்தே சிஸ்டர் கேட்டார். "ஆச்சு சிஸ்டர்" என்றேன். அவரோடு நான் பேசிய கடைசிப் பேச்சு அவ்வளவுதான்.

கல்லூரியில் முதல் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது கைப்பேசி மூன்று முறை அதிர்ந்தது. வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். எங்கள் தெருமுனைப் பூக்காரி மங்கம்மா.

"மேடம், சிஸ்டரம்மா நம்மள வுட்டுட்டுப் போயிட்டாங்க மேடம். பூ குடுக்கலாம்னு வந்தேன், கதவு தொறந்துகினு இருந்துச்சு. நாற்காலில உக்காந்துகினே... கையில அந்தத் துணி அப்படியே இருக்குது."

வகுப்புக்குத் திரும்பிப் போய், பலகையில் பாதியில் நின்ற வாக்கியத்தை எழுதி முடித்துவிட்டுத்தான் புறப்பட்டேன். ஏன் முடித்தேன் என்று இன்னும் தெரியவில்லை. நெஞ்சுவலி வந்த சில நிமிடங்களில் எல்லாம் முடிந்திருக்கும், யார் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பிறகு மருத்துவர் சொன்னார். சரியாகத்தான் இருக்கும்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் அரசு மருத்துவமனையில் அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள். வார்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும். என்ன உடம்புக்கு என்று கேட்க மாட்டார். "கூட யார் இருக்கீங்க?" என்பார். நான் இந்த ஊருக்கு வந்த இரண்டாம் வருடம் டெங்குக் காய்ச்சலில் விழுந்து, ஆட்டோவில் தனியாகப் போய்ச் சேர்ந்தேன். என்னிடமும் அதே கேள்வி. "யாரும் இல்ல" என்றேன். மதுரைப் பக்கத்துக்காரிக்கு இங்கே யார் இருக்கப் போகிறார்கள்? அவர் கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையை எடுத்தார். கூட இருப்பவர் என்ற இடத்தில் 'யசோதா' என்று எழுதினார். "டூட்டி முடிஞ்சதும் வரேன். அதுவரைக்கும் தண்ணி குடிச்சிகினே இரு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வந்தார். ஐந்து நாளும் வந்தார். பிறகு அவர் பக்கத்து வீடு காலியானபோது எனக்குச் சொல்லியனுப்பியதும் அவர்தான்.

அந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் அவருக்கு நாய்கள் உண்டு என்று தெரிந்தது. எனக்கு நாய்கள் மேல் வெறுப்பில்லை, ஈடுபாடும் இல்லை. பக் என்ற இனத்தை அதற்குமுன் கைப்பேசி விளம்பரத்தில் மட்டும் பார்த்திருந்தேன். அந்த விளம்பரம் ஓடிய காலத்தில் சிஸ்டரின் மகன் ஸ்ரீதர் ஆசைப்பட்டு ஒன்றை வாங்கிவந்தான். அவன் வேலைக்குப் புனே போனான், நாய் அம்மாவிடம் தங்கியது. அதன் வழியில் வந்தவை பஞ்சுவும் குண்டுவும். மூன்றாவது, மாற்றலாகிப் போன ஒரு வங்கி மேலாளர் ஒரு வாரத்துக்கு என்று சொல்லி விட்டுப்போனது. வாரம் முடியவே இல்லை. அதன் பெயர் மேனேஜர். கடன் கேட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல அது எல்லோரையும் பார்க்கும்.

இந்த நாய்களுக்கு மூக்கு உள்ளே அமுங்கியிருக்கும், முகமெல்லாம் மடிப்பு. மடிப்புக்குள் ஈரம் தங்கினால் புண்ணாகிவிடும். தினமும் காலை ஏழு மணிக்கு சிஸ்டர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் ஒரு கிண்ணத்தில் இருக்கும். பொதட்டூர்பேட்டை லுங்கிகள் பழசானதும் கிழித்துச் சதுரமாக மடித்துவைத்த துணிகள் ஒரு தட்டில் இருக்கும். ஒரு நாய்க்கு ஒரு துணி, மாறக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கை வலி என்று நான் மேனேஜரின் முகத்தைத் துடைத்தேன். அது முனகியது. "நீங்க கரும்பலகைய அழிக்கறீங்க. தேய்க்கக் கூடாதும்மா, ஒத்தணும்" என்றார் சிஸ்டர். "புண்ணு எங்க இருக்குதுன்னு நமக்குத் தெரியாது, அதுக்குத்தான் தெரியும்."

தெருவில் யாரும் நாய்களுக்குத் தின்னக் கொடுத்துவிட முடியாது. மலைக்கோயிலுக்குப் போய்வந்த ஒருவர் குண்டுவுக்குச் சர்க்கரைப் பொங்கல் ஊட்டியபோது, சிஸ்டர் தொன்னையை அதன் வாயிலிருந்து பிடுங்கினார். "சாமி பிரசாதம்தானே சிஸ்டர்" என்றார் அவர். "சாமிக்கு மூச்சு முட்டாது. இதுக்கு முட்டும். பாரு, இப்பவே பெட்ரோமாக்ஸ் மாதிரி இரைஞ்சிகினு இருக்குது."

நான்காவதாக வந்தவர் பெரியவர். போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆடிக் கிருத்திகை முடிந்து, கூட்டம் வடிந்த மறுநாள், மலையடிவாரத்தில் காவடியிலிருந்து உதிர்ந்த பூக்குவியலுக்கு நடுவே படுத்திருந்த கிழட்டு பக். ஒரு கண் பால்போல வெளுத்திருந்தது. பாதிப் பற்கள் இல்லை. நகங்கள் வளைந்து பாதத்தில் குத்திக்கொண்டிருந்தன. வயது பத்துக்குக் குறையாது என்றார் கால்நடை மருத்துவர். யாரோ வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மருத்துவமனையில் அடையாளம் தெரியாத முதியவர்கள் வந்தால் 'பெயர் தெரியாத பெரியவர்' என்று அட்டையில் எழுதுவார்களாம். சிஸ்டர் அப்படியே எழுதினார். நாய்களுக்கும் அவர் அட்டை வைத்திருந்தார். பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டது. பெயர், சாப்பாடு, மூச்சு, கடைசியில் கூட இருப்பவர். அந்தக் கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை 'யசோதா' என்றே இருக்கும்.

பெரியவருக்குக் காது கேட்காது என்பது முதல் வாரத்திலேயே முடிவானது. "கம்" என்றால் வராது. "சிட்" என்றால் உட்காராது. தட்டைத் தட்டினால் திரும்பும், அது அதிர்வினால் என்று நானே விளக்கம் சொன்னேன். சிஸ்டர் அட்டையில் 'செவி கேளாது' என்று எழுதினார். எட்டு மாதம் நாங்கள் எல்லோரும் அதனிடம் கைச்சைகையில் பேசினோம், அல்லது "கம் பெரியவரே, கம்!" என்று தெருவே கேட்கக் கத்தினோம்.

ஒருநாள் காலை பெரியவர் மங்கம்மாவின் பூக்கூடை மூடியிருந்த ஈரத்துணிமேல் போய்ப் படுத்துக்கொண்டது. மங்கம்மாவுக்குக் கோபம் வந்தால் தெலுங்குதான். "லேரா! பக்ககு ஜருகு!" என்று ஒரு அதட்டுப் போட்டாள். எழுந்திரு, தள்ளிப்போ. அதிகச் சத்தம்கூட இல்லை. பெரியவர் எழுந்து, அழகாக நான்கு அடி தள்ளிப்போய், உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தது.

"செவுடுன்னு யாரு சொன்னது? நல்லாக் கேக்குதே" என்றாள் மங்கம்மா.

சிஸ்டர் வெளியே ஓடிவந்தார். "ரா" என்றார். வந்தது. "கூச்சோ" என்றார். உட்கார்ந்தது. நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆந்திர எல்லையோரம், தெலுங்கு வீட்டு வாசல்வரைக்கும் ஓடுகிற ஊர் இது. சிஸ்டரே தன் அப்பாவை நைனா என்று கூப்பிட்டு வளர்ந்தவர். ஆனால் ஜாதி நாயிடம் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்பதில் இந்த ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை, படித்தவள் என்று பெயரெடுத்த எனக்கும்.

மங்கம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆந்திராவுல பொறந்ததுகிட்ட தொர மாதிரி பேசிகினு இருந்தா அது என்னா பண்ணும்?"

சிஸ்டரும் சிரித்தார். பிறகு தரையில் உட்கார்ந்து பெரியவரின் தாடையைக் கையில் ஏந்திக்கொண்டு, நெடுநேரம் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அட்டையில் 'செவி கேளாது' என்பதை அடித்தார். "பேஷன்ட் பதில் சொல்லலன்னா பேஷன்ட் மேல தப்பில்ல. கேட்டவங்க மேலதான்" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த வெட்கத்தை நான் வேறெப்போதும் கண்டதில்லை.

எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல் வந்ததும் பெரியவரை வைத்துத்தான். கோடையில் வெயில் அளவு சொல்லும் செய்திகளில் எங்கள் ஊர் பெயர் முதலில் வரும். அந்த வெயில் அமுங்கிய மூக்குகளுக்கானது அல்ல. போன மே மாதம் பெரியவருக்கு மூச்சுத் திணறல் வர ஆரம்பித்தது. நடு வெயிலில் நாக்கு நீலம் பாரிக்க, விலா எலும்பு ஏறி ஏறி இறங்கும். சிஸ்டர் ஈரச் சாக்கு போட்டு, விசிறி வீசி, தொண்டையைத் தடவிக்கொண்டே இருப்பார். அவருக்கும் அப்போது அறுபத்தொன்பது வயது. நான்கு நாள் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "சிஸ்டர், டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டு நிம்மதியா அனுப்பிடலாமே. யாருக்காக இந்தக் கஷ்டம்?"

அவர் விசிறியை நிறுத்தவில்லை. "நீங்க எத்தன பேருக்கு ஊசி போட்டிருக்கீங்க டீச்சரம்மா?" என்று கேட்டார். அதன்பின் மூன்று வாரம் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சொல் வரவில்லை. டெங்குக் காய்ச்சலை அவர் சொல்லிக்காட்டியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்றாம் வாரக் கடைசியில், கல்லூரிக்குக் கோடை விடுமுறை விட்டிருந்த ஒரு நண்பகலில் மின்சாரம் போய்விட்டது. என் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. கதவைத் திறந்தால் வாசலில் சிஸ்டர், இடுப்பில் பெரியவர், பின்னால் மற்ற மூன்று பேரும் வரிசையாக. "ஃபேன் ஓடுதா?" என்று மட்டும் கேட்டார். கூடத்தில் பரப்பியிருந்த விடைத்தாள்களை நான் அள்ளுவதற்குள் மேனேஜர் ஒரு கட்டின்மேல் படுத்துவிட்டது. அன்று மாலைவரை நான்கு குறட்டைகளுக்கு நடுவே தாள் திருத்தினேன்.

பெரியவரின் மூச்சு அடங்கியபின் சிஸ்டர் சொன்னார்: "அது சாகக் கூடாதுன்னு நான் கேக்கலம்மா. சாவு எனக்குத் தெரியாததா? மூச்சு வாங்கறப்ப கூட ஒருத்தர் இருக்கணும். அவ்ளோதான் கேக்கறேன்."

கோடை முடியும்வரை மின்சாரம் போன மதியமெல்லாம் அவர்கள் வந்தார்கள். பெரியவர் அந்தக் கோடையைத் தாண்டியது. தாண்டாது என்று நான் நினைத்திருந்தேன்.

சிஸ்டரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஸ்ரீதர் புனேவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பஞ்சுவும் குண்டுவும் அவனோடு காரில். மேனேஜரை சிஸ்டரோடு வேலை பார்த்த மருந்தாளுநர் வந்து கூட்டிப்போய்விட்டார். பெரியவர் சிஸ்டரின் நாற்காலிக்கு அடியில் படுத்திருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. வயது பன்னிரண்டோ பதின்மூன்றோ, ஒரு கண், வரப்போவது கோடை.

ஸ்ரீதர் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அக்கா, பெரியவர என்ன பண்றதுன்னே தெரியல. அவ்ளோ தூரம் கார்ல தாங்காது. இந்த வெயிலத் தாண்டறதும் கஷ்டம்னு டாக்டர் சொல்றாரு. ஊசி போட்டுடலாம்னு... நீங்ககூட அம்மாகிட்ட அதத்தானே சொன்னீங்களாம்? அம்மா போன்ல சொன்னாங்க."

"சொன்னேன்" என்றேன்.

வாசற்படியில் பூக்கட்டிக்கொண்டிருந்த மங்கம்மா தலையை நிமிர்த்தவில்லை. "ஆங், சொன்னாங்க, சொன்னாங்க. பதினாறு நாளா ரொட்டியப் பால்ல நனைச்சு அதும் வாயில வெச்சிகினு இருக்கறது வேற மேடம் போல."

நான் அன்று சிஸ்டரிடம் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. இன்றைக்கும் அதை மறுக்க என்னிடம் காரணம் இல்லை. நாய் கிழடு, வெயில் கொடியது, நான் பகலெல்லாம் அரக்கோணத்தில் இருப்பவள். இவ்வளவையும் யோசித்துக்கொண்டு நின்றேன். நாற்காலிக்கு அடியில் பெரியவர் ஒரு பெருமூச்சு விட்டு, குறட்டையைத் தொடர்ந்தது.

"மதியம் நீ பார்த்துக்குவியா மங்கம்மா?"

"நெழலுக்கு நான் எங்க போறது? உங்க வூட்டு ஃபேனுக்குக் கீழ உக்காந்து பூ கட்டறேன்."

"இங்கயே இருக்கட்டும் ஸ்ரீதர்" என்றேன். "அந்த அட்டையும் துணியும் வேணும். குடுத்துட்டுப் போ."

சிஸ்டர் எனக்கு விட்டுப்போனவை இவை: சதுரமாக மடித்த லுங்கித் துணிகள் பன்னிரண்டு, தெலுங்கில் நான்கு கட்டளைகள், மூச்சு இரையும் ஒரு கிழ நாய். இறந்தவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் காலையில் நாற்காலி போட்டு உட்காரும்போது தேய்க்காமல் ஒத்துகிறேன். அதற்காக ஒரு ரயில் தள்ளிப் போகிறேன்.

அட்டையில் சாப்பாடும் மூச்சும் முதல் நாளிலிருந்தே எழுதிவந்தேன். கடைசிக் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தேன், அவர் கையெழுத்துக்குக் கீழே எழுத மனம் வரவில்லை. இன்று காலை எழுதினேன். பெயர், பெரியவர். சாப்பாடு, பாதி. மூச்சு, சீர். கூட இருப்பவர் என்ற இடத்தில் என் பெயர்.