இறங்க வேண்டியவனை ஏறச் சொன்னேன்

ஒரு மனிதன் ஒரு படி கீழே இறங்க வேண்டிய நேரத்தில், "மேலே ஏறு" என்று சொன்னவன் நான். தெரிந்தே சொன்னேன்!

சீட்டாட்டம் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். இணையத்தில் போக்கர் ஆடுகிறவர்களில் நானும் அன்ரனும் புத்திசாலிகள் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தோம். அங்கே சின்னப் பந்தய மேசையிலிருந்து பெரிய மேசை வரை படிகள் உண்டு. கையிருப்பு நாற்பது ஆட்டத்துக்குத் தாங்கினால் ஒரு படி ஏறலாம். இருபதுக்குக் குறைந்தால் மறுபேச்சின்றி இறங்க வேண்டும். ஏறுவது இனிக்கும். இறங்குவதற்கோ... மானம் இடம் கொடாது.

அதனால் ஓர் ஒப்பந்தம் செய்தோம். அவன் ஏறுவதா இறங்குவதா என்பதை நான் சொல்வேன். என்னுடையதை அவன் சொல்வான். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும், மாதா கோயில் மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸுமாக அமர்ந்து, இருவரும் கைப்பேசியில் கையிருப்பைக் காட்ட வேண்டும். பிறகுதான் தீர்ப்பு. தன் முதுகு தனக்குத் தெரியாதல்லவா?

அன்ரன் மன்னார்ப் பிள்ளை. லண்டனில், எட்மண்டன் பக்கம் ஓர் அறையில் தனியே இருந்தான். மனைவி றெஜினாவை இங்கே கூப்பிடுவதற்காகத் தனியாகச் சேமித்து வந்தான். நானோ குட்மேய்ஸில் குடும்பத்தோடு இருப்பவன், அவனைவிடப் பத்து வயது மூத்தவன். என் சொல்லை அவன் தட்டியதேயில்லை.

தவக்காலம் வந்தது. நாற்பது நாளும் சீட்டைத் தொடுவதில்லை என்று இருவரும் ஒறுத்தல் எடுத்தோம். அவன் காத்தான். நான்? இரண்டாம் கிழமையே முறித்தேன்! மனைவி ஷிப்டுக்குப் போன பகல்களில் ஆடினேன். கேட்பார் இல்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன்... இஷ்டத்துக்கு ஏறினேன், விழுந்தேன், அடிப்படி மேசைக்கே வந்து சேர்ந்தேன்.

உயிர்ப்பு ஞாயிறன்று மண்டபத்தில் அன்ரன் தன் கைப்பேசியை நீட்டினான். தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய இரண்டு நாளில் தோற்று, அவன் கையிருப்பு இருபதுக்குக் கீழே போயிருந்தது.

"ஒரு படி இறங்கட்டே அண்ணை? நீங்களும் காட்டுங்கோ, பாப்பம்."

காட்டினால் என் ஒறுத்தலின் இலட்சணம் தெரிந்துவிடும். அந்தக் கணத்தில் எனக்கு அவனும் தெரியவில்லை, அவன் மனைவியும் தெரியவில்லை. என் மானம் மட்டுமே தெரிந்தது.

"பெருநாளும் அதுவுமா உதெல்லாம் என்னத்துக்கடா? நாப்பது நாள் ஒறுத்தல் இருந்திட்டாய். தலை தெளிஞ்சிருக்கும். இறங்காதை, ஏறு!"

அவன் முகம் மலர்ந்ததே... நோன்புக்கு ஆண்டவரே கூலி தந்ததாக நினைத்துவிட்டான்! என் கைப்பேசியைக் கேட்க மறந்துபோனான். நான் எதிர்பார்த்ததும் அதுதான்.

அடுத்த ஞாயிறுகளில் சாக்குச் சொல்லி நான் மண்டபத்துப் பக்கமே போகவில்லை. மூன்று கிழமையில் அவன் கையிருப்பு கரைந்தது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று றெஜினாவுக்காகச் சேர்த்ததிலும் கை வைத்தான். பாதிக்கு மேல் போன பிறகு என்னிடம் ஓடி வந்தான். "நிப்பாட்டு" என்றேன். அன்றே நிறுத்திவிட்டான். அவ்வளவு கீழ்ப்படிவு! அன்று நான் "இறங்கு" என்று சொல்லியிருந்தால் இறங்கியிருக்க மாட்டானா? சொல்லுங்கள்!

"உங்களில பிழையில்லை அண்ணை, எனக்குத்தான் விளையாட ஏலாமப் போச்சு" என்கிறான். நான் மறுக்கவில்லை.

பங்குச் சுவாமியிடம் என் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஒறுத்தலை முறித்ததைச் சொன்னேன். சுவாமி கொடுத்த செபங்களைச் சொல்லி முடித்தேன். அன்ரனைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொன்னால், "போய் அவனிடமே சொல்" என்பாரோ என்ற பயம்... இன்றும் அதே பயம்தான்.

சென்ற கிழமை அன்ரன் மன்னாருக்குப் பேசிக்கொண்டிருந்தபோது, கைப்பேசியை என்னிடம் நீட்டினான். றெஜினா. தான் இங்கே வருவது தள்ளிப்போனதற்கு அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன்.

"அண்ணை, அவர் எல்லாம் சொன்னவர். நீங்கள் பக்கத்தில இருந்தபடியாத்தான் இவ்வளவோட நிண்டது. உங்களுக்காக ஒவ்வொரு நாளும் செபிக்கிறன்."

அன்ரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஓம் தங்கச்சி" என்றேன்.